இரவல் பெயர்

கடலோர ஊரான மொரோலெகியில் வீட்டுக்குள் நிமிர்ந்தபடி நுழைகிறவர்கள் சின்னப் பிள்ளைகள் மட்டும்தான். மற்ற எல்லோரும் குனிந்துதான் போகவேண்டும். கடல் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டு வருகிறது. ஜனங்களும் விடாமல் மண்ணையும் சிப்பி ஓட்டையும் கொட்டித் தரையை ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கூரையை ஏற்ற யாரிடம் காசு இருக்கிறது? அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. இடுப்புக்கு மேலே இருந்த ஜன்னல்கள் இப்போது முழங்காலுக்குக் கீழே கிடக்கின்றன. வெளியூர் மாப்பிள்ளை வந்து வாசலில் நெற்றியைப் புடைத்துக்கொண்டால், "அப்பாடா, சம்பந்தம் உறுதியாயிடுச்சு" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பும் இல்லையென்றால் அங்கே மனுஷர் குடியிருக்க முடியாது.

மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் வரும். யாரையும் கேட்காமல் அடுப்படிக்குள் வந்து, கட்டில் காலை நனைத்து, செருப்பையும் கோழிக்கூண்டையும் இழுத்துப் பார்த்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு போகும். போகும்போது உப்பை விட்டுவிட்டுப் போகும். வார்தினியின் இளைய மகளுக்குக் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். ஷூ போட முடியாமல் ரப்பர் செருப்போடு பள்ளிக்கூடம் போய், டீச்சரிடம் தினமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தது குழந்தை. அடுத்த மேற்குக் காற்று அடித்துக் கடல் பொங்குகிறதற்குள் இந்த ஊரைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். வார்தினிக்கு உட்கார்ந்தால் அந்த நினைப்பு, எழுந்தால் அந்த நினைப்பு.

கிளம்ப ஒரு வழியும் வந்திருந்தது. மேட்டுப் பக்கம், மிராங்கன் ஊரைத் தாண்டி, வட்டியில் ஒரு பங்கை அரசாங்கமே தாங்கிக்கொள்ளும் சின்னச் சின்ன வீடுகள். முன்பணம் சொற்பம். மாதச் சம்பளச் சீட்டு இருந்தால் பேங்கில் கடன் கொடுப்பார்கள். வார்தினியின் புருஷன் தார்ஜோ தன் மீன்குட்டைகளைக் கடலுக்குப் பறிகொடுத்துவிட்டு, இரண்டு வருஷமாகச் செருப்புத் தொழிற்சாலையில் இரவுக் காவலாளியாக இருக்கிறான். பக்கத்து வீட்டுக் கஸ்மிராவின் புருஷன் சொலிகினுக்கு இளந்தாரி வயசிலிருந்தே ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையில் வேலை. இரண்டு வீடும் சேர்ந்தே மனுப்போட்டன. அடுத்தடுத்த வீடாகப் பார்த்து, நடுச்சுவர் ஒன்றாக இருக்கிற மாதிரி.

வார்தினியும் கஸ்மிராவும் சேர்ந்துதான் மீன் புகை போடுகிறார்கள். சிப்பி மேட்டில் தகரம் வேய்ந்த கொட்டகை. வரிசையாகச் செங்கல் அடுப்புகள். தேங்காய்ச் சிரட்டை நெருப்பு. திருக்கையைத் துண்டு போட்டு, மூங்கில் ஈர்க்கில் குத்தி, புகையில் அடுக்கி, கருகாமல் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். கண் எரியும், மூக்கு ஒழுகும், வாய் மட்டும் ஓயாது.

"நடுச்சுவத்துல ஒரு வாசல் வெட்டிடலாம்டி," என்றாள் கஸ்மிரா அந்தத் திங்கட்கிழமை. "எங்க அடுப்புல நான் குழம்பு வைக்கிறேன். உங்க அடுப்புல நீ சோறு மட்டும் வடி."

"ஏன், என் குழம்புக்கு என்ன கேடு?"

"கேடெல்லாம் ஒண்ணுமில்ல. போன தடவை உன் தேங்காப்பால் குழம்பைச் சாப்பிட்டுட்டு எங்க வீட்டுக்காரர் ரெண்டு நாள் வேலைக்குப் போகல. அதைத்தான் யோசிச்சேன்."

"அது என் குழம்பு இல்லக்கா, அவர் சோம்பேறித்தனம். இதோ நிக்கிறாரே, அவர்கிட்டயே கேளு."

சொலிகினுக்கு அன்று இரண்டாம் ஷிஃப்ட். சிரட்டை மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தவன், "ரெண்டும்தான்," என்றான். மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மூங்கில் பாலத்தில் தட்டுத் தடுமாறி நோவிதா வந்தாள். வீடு விற்கிற கம்பெனிப் பெண். கல்லூரி முடித்து வந்த சிறுசு, எல்லோரையும் அண்ணன் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"தார்ஜோ அண்ணனுக்கு பேங்குல சரின்னு சொல்லிட்டாங்கக்கா," என்றாள். "வியாழக்கிழமை காலையில ரெண்டு பேரும் வந்து கையெழுத்துப் போடணும்."

வார்தினி கையிலிருந்த மீனைக் கீழே போட்டுவிட்டாள். கஸ்மிரா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். புகையும் மீன் வாடையுமாக இரண்டு பேரும் குதித்தார்கள். நோவிதா மட்டும் சிரிக்கவில்லை.

"சொலிகின் அண்ணனுக்கு ஆகல."

"ஆகலன்னா?" என்றான் சொலிகின்.

"ஸ்கோர்னு ஒண்ணு பாப்பாங்க அண்ணே. நீங்க கடன் வாங்கினா எப்படித் திருப்பிக் கட்டுவீங்கன்னு ஆளுக்கு ஒரு நம்பர். ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும். ஒண்ணுன்னா நல்ல பேர். அஞ்சுன்னா கிட்டயே சேர்க்க மாட்டாங்க. உங்க பேர்ல நாலு இருக்கு."

"எனக்கு நாலா? அடப்பாவமே! டீக்கடையில கூடக் கணக்கு வைக்காதவன்மா நான். என் கைக்குன்னு ஒரு ரூப்பியா யார்கிட்டயும் வாங்கினதில்ல."

"உங்களோடதை மட்டும் பாக்கமாட்டாங்க அண்ணே. சம்சாரத்தோடதையும் சேர்த்துத்தான் பாப்பாங்க." சொல்லிவிட்டு நோவிதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எந்தக் கடன்னு எங்களுக்குச் சொல்லமாட்டேங்குறாங்க. செமாராங் டவுன்ல ஒரு ஆபீஸ் இருக்கு. அடையாள அட்டையோட நீங்களே போய்க் கேட்டா எல்லாம் சொல்லுவாங்க."

சொலிகின் மெதுவாகத் திரும்பித் தன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவன் தொழிற்சாலையில் அந்த வருஷம் இரண்டு பேருடைய வீடு அப்படித்தான் நாறிப்போயிருந்தது. பெண்டாட்டிமார் கைபேசியில் யாருக்கும் தெரியாமல் கடன் வாங்கி, அதைக் கட்ட இன்னொரு கடன் வாங்கி, கடைசியில் கடன்காரர்கள் மேனேஜருக்கே போன் போட்டுப் புருஷன் பேரைச் சொல்லிக் கூவியிருந்தார்கள். அந்தக் கதைகளைக் கஸ்மிராவிடம் வந்து சொல்லி, "நல்லவேளை, நம்ம வீட்டுல அப்படி இல்ல" என்று சோறு தின்றவன் அவன்.

"என்ன பாக்குறீங்க?" என்றாள் கஸ்மிரா.

"ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டு அவன் வீட்டுக்குப் போனான். வாசலில் குனிய மறந்து மடேரென்று இடித்துக்கொண்டான். யாரும் சிரிக்கவில்லை.

நோவிதாவைத் தார்ரோடு வரை கொண்டுபோய் விட வார்தினி மோட்டார் பைக்கை எடுத்தாள். வழியெல்லாம் அவள் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. ரோட்டோர டீக்கடையில் பெண்ணை இறக்கிவிட்டவள், போகாமல் தானும் உட்கார்ந்தாள்.

"நோவிதா, ஒரு சந்தேகம். தீர்ந்துபோன கடனும் அந்த நம்பர்ல தெரியுமா?"

"தெரியும்க்கா. தீர்ந்தப்புறமும் ரெண்டு வருஷத்துக்கு நிக்கும்."

"அபராதத்தோட சேர்த்துக் கட்டியாச்சுன்னாலுமா?"

"எவ்வளவு நாள் தள்ளிக் கட்டினது?"

"மேற்குக் காத்து அடிக்கிற மாசமெல்லாம் படகு போகாது, மீன் வராது. காத்து நின்னதும் மொத்தமாக் கட்டிடுவோம். அபராதம் எவ்வளவு கேட்டாலும் பேரம்கூடப் பேசினதில்ல. வசூல்காரன் மத்த வீட்டுல எல்லாம் சண்டை போடுவான். எங்ககிட்ட மட்டும் சிரிச்சுக்கிட்டேதான் போவான்."

நோவிதா டீயைக் கீழே வைத்தாள். "அவன் சிரிப்பான்க்கா. அவனுக்கு அபராதத்துல கமிஷன். கம்ப்யூட்டர் சிரிக்காது. நீங்க என்னைக்குக் கட்டினீங்கங்கிறது அதுக்குத் தெரியணும். தேதி ஒரு நாள் தாண்டினாலே ரெண்டாம் நம்பர். மூணு மாசம் தாண்டினா மூணு. நாலு மாசம் தாண்டினா நாலு. அப்புறம் நீங்க தங்கமாக் கொண்டுபோய்க் கொட்டினாலும் அந்த மாசங்களை அது மறக்காது. மனுஷங்க மறப்பாங்க, மன்னிப்பாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் ஆகும்."

"அதை வச்சு வீடே இல்லன்னு சொல்லிடுவாங்களா?"

"வீடு, கடை, சில கம்பெனியில வேலைகூட. முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு அவங்க காசு குடுக்கணும் இல்லையா? உங்களைப் பத்தி அவங்களுக்குத் தெரிஞ்சது அந்த ஒரு நம்பர்தான்." சொல்லிக்கொண்டே வந்தவள், வெளியே நின்ற பைக்கைப் பார்த்தாள். பிறகு வார்தினியைப் பார்த்தாள். "யார் பேர்ல வாங்கின வண்டிக்கா அது?"

வார்தினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஐயோ!" என்று நெற்றியில் கை வைத்துக்கொண்டாள் நோவிதா. "அதான் உங்க பேர் வெள்ளையா இருக்கு. அக்கா, நான் எதையும் கேக்கல, நீங்க எதையும் சொல்லல. வியாழக்கிழமை வரைக்கும் வாயத் தொறந்துடாதீங்க. அடுத்தவங்க பேர்ல கடன் எடுத்த ஆளுன்னு பேங்குக்குக் காதுல விழுந்தா உங்களதையும் நிறுத்திடுவாங்க."

அந்த ஊரில் கல்யாணத்துக்கு அண்டா இரவல் வாங்குகிற மாதிரிப் பேரையும் இரவல் வாங்குவார்கள். தார்ஜோவுக்கு அப்போது சம்பளச் சீட்டு கிடையாது. குட்டை மீன்காரனுக்கு எந்தக் கம்பெனி வண்டி கொடுக்கும்? புகைமீனைச் சந்தைக்குக் கொண்டுபோக வண்டி இல்லாமல் வார்தினி கூடையைத் தலையில் வைத்துத் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தாள். கேட்ட மாத்திரத்தில் சொலிகின், "பேர்தானே கேக்குறே, சிறுநீரகமா கேட்டே?" என்று சிரித்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டான். ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டினதில்லை. போன வருஷம் கடன் தீர்ந்து, வண்டியின் உரிமைப் புத்தகம் கைக்கு வந்த அன்று வார்தினி மஞ்சள் சோறு ஆக்கிப் பத்து வீட்டைக் கூப்பிட்டுப் போட்டாள். தன்னை மாதிரி நாணயமான மனுஷி இந்தக் கடற்கரையில் இல்லை என்று அன்றைக்கு அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

திரும்பி வரும்போது தண்ணீர் ஏறியிருந்தது. வண்டி நடுவழியில் இருமி நின்றுவிட்டது. அதைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்து, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தார்ஜோவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

தார்ஜோ சட்டைப் பொத்தான் போடுவதை நிறுத்தினான். "நாம ஏமாத்தல இல்லையா? கட்டிட்டோம் இல்லையா?"

"கட்டிட்டோம்தான். நாளு தள்ளிக் கட்டினோம்ல?"

"அது காத்து செஞ்ச வேலை."

"கம்ப்யூட்டருக்குக் காத்து தெரியாதாம்."

"சரி, இப்ப நீ போய்ச் சொன்னா அவங்களுக்கு வீடு கிடைச்சிடுமா?"

"கிடைக்காது."

"நமக்கு?"

உள்ளே இளையவள் காலில் மருந்து தடவிக்கொண்டு ஊ, ஊ என்று ஊதிக்கொண்டிருந்தது கேட்டது.

"வியாழக்கிழமை கையெழுத்துப் போடுவோம். வெளிய வந்ததும் நேரா அவங்க வீட்டுக்குப் போவோம். கால்ல விழணும்னா நானே விழுறேன்," என்றான் தார்ஜோ. "நடுவுல ரெண்டு நாள்தான். அவங்களுக்கு அதுக்குள்ள என்ன ஆயிடப்போகுது?"

நல்ல யோசனை மாதிரித்தான் இருந்தது. நல்ல யோசனை என்றால் ஏன் சோறு இறங்கவில்லை? தட்டை வைத்துவிட்டு எழுந்தாள், விளக்கைத் துடைத்தாள், காய்ந்த துணியை மறுபடி மடித்தாள். வெகுநேரம் கழித்துப் பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு, ஷிஃப்ட் முடிந்து வந்த சொலிகினின் குரல். அவன் குரல் அவ்வளவு உயரத்துக்குப் போகும் என்றே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை கொட்டகையில் கஸ்மிராவின் கண் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தது.

"புகை," என்றாள், யாரும் கேட்காமலே. பிறகு இரண்டு துண்டு மீனைத் திருப்புவதற்குள் அவளே உடைந்தாள். "போனைப் பிடுங்கி வச்சுக்கிட்டாருடி. ஒவ்வொண்ணாத் தொறந்து பாக்குறார். என் அக்கா மகளுக்குப் போட்ட மெசேஜைக் காட்டி, இது யாரு, எதுக்குக் காசைப் பத்திப் பேசுறேங்கிறார். அது கோழிக்குஞ்சு வாங்கின காசு! சொன்னா நம்பமாட்டேங்குறார். நகையை எடுத்துட்டு வான்னார். வந்து எண்ணினார். என் தோட்டை நான் போட்டிருக்கேன், என் வளையலை நான் போட்டிருக்கேன், அதை எண்ணினார்டி!"

"அண்ணனா அப்படி?"

"அவருக்கும் பாவம், மனசு விட்டுப்போச்சு. இத்தனை வருஷம் மரத்தூளைத் தின்னு சேர்த்த பேரு. அது எப்படிக் கெட்டதுன்னு தெரியலன்னா யாருக்குத்தான் பைத்தியம் பிடிக்காது? செமாராங் போய்க் கேளுங்கன்னேன். ஒரு நாள் பூரா போயிடுமாம், அடுத்த வாரம்தான் லீவாம். அதுவரைக்கும் அவரால தாங்க முடியாதாம்." மூக்கைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு ஷிஃப்டுக்கு முன்னாடி எங்க பெரியண்ணன் வீட்டுக்குப் போறோம். அவர் முன்னாடி குர்ஆன்ல கை வச்சுச் சத்தியம் பண்ணணுமாம், நான் கடன் வாங்கலன்னு."

"நீ என்ன சொன்னே?"

"பண்றேன்னேன். என்ன பயம் எனக்கு? ஆனா அசிங்கமா இருக்குடி. அண்ணி இருப்பா, அவ மருமக இருப்பா. திருடிக் கணக்கா நடுவுல நான் உட்காரணும். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அண்ணன் வீட்டு வாசல்ல நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டு நின்னதில்ல."

வார்தினியின் கையிலிருந்த மூங்கில் ஈர்க்கு ஒடிந்தது.

"ராத்திரி பூரா யோசிச்சேன்," என்று கஸ்மிராவே தொடர்ந்தாள். "எங்க பேர்ல எடுத்தது உன் வண்டிக் கடன் ஒண்ணுதான். அது தீர்ந்துபோச்சே. கடைசிக் காசு வரைக்கும் நீ கட்டினதை நான் என் கண்ணால பாத்தேனே. உன்னைச் சந்தேகப்பட்டா என் நாக்கு அழுகிடும். அதனால அதைப் பத்தி அவர்கிட்ட நான் மூச்சுக்கூட விடல."

"அக்கா..."

"என்னடி?"

வார்தினிக்கு வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. "இந்தச் சிரட்டை ஈரமா இருக்கு," என்றாள். "புகையே சரியா வரல."

"அப்ப மாத்திப் போடு," என்றாள் கஸ்மிரா.

புதன்கிழமை காலையில் வார்தினி வாசலைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது சொலிகின் வந்து நின்றான். முகம் மழிக்கவில்லை. தலையில் கறுப்புத் தொப்பி.

"வண்டியைக் கொஞ்சம் குடு தங்கச்சி. அவ அண்ணன் வீடு வரைக்கும் போயிட்டு வந்துடுறோம்."

பின்னால் கஸ்மிரா நின்றிருந்தாள். பெருநாளைக்கு உடுத்துகிற பூப்போட்ட பாத்திக் கைலி, வெள்ளை முக்காடு. பார்த்தால் விருந்துக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள். கையில் ஒரு பொட்டலம். அவ்வளவு கூத்திலும் அண்ணன் வீட்டுக்குப் புகைமீன் கட்டி எடுத்துக்கொண்டிருக்கிறாள், பாவி மகள்.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று வார்தினிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. நாளைக்குக் கையெழுத்து என்றும் அதே நெஞ்சுதான் அடித்துக்கொண்டது. அவள் உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து கொடுத்தாள்.

"பிரேக் கொஞ்சம் லூசு அண்ணே. மெதுவாப் போங்க."

வண்டிச் சத்தம் ஓய்கிற வரை வாசலிலேயே நின்றாள். பிறகு ஆரம்பித்தது அவள் பாடு. கொட்டகைக்குப் போனாள், அடுப்பை மூட்டினாள், அணைத்தாள். வீட்டுக்கு வந்தாள். இரவு வேலை முடித்து வந்த தார்ஜோ வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். அவனை எழுப்பி ஒரு சண்டை போடலாமா என்று பார்த்தாள். மறுபடியும் கொட்டகை. இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார்கள். இந்நேரம் டீ கொடுத்திருப்பார்கள். இந்நேரம் அண்ணிக்காரி கதவோரம் வந்து நின்றிருப்பாள். ஓடிப்போய் ஒரு படகைப் பிடித்து, ரோட்டுக்குப் போய் ஒரு பஸ்ஸைப் பிடித்தால் நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. நிஜமாகவே மூங்கில் பாலம் வரைக்கும் போனாள். பாலத்தின் முனையில் நின்று கையைப் பிசைந்தாள். அப்புறம் பள்ளிக்கூடம் விட்டு இளையவள் நொண்டிக்கொண்டு எதிரே வந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

தண்ணீர் ஏறுகிற நேரத்துக்கு அவர்கள் வந்தார்கள். வண்டியைச் சொலிகின் தள்ளிக்கொண்டு வந்தான். கஸ்மிரா கைலியை முழங்காலுக்குத் தூக்கிக்கட்டிக்கொண்டு முன்னால் நடந்து வந்தாள். வீட்டுக்குள் போகவில்லை. முக்காட்டைக் கழற்றி மூங்கிலில் போட்டுவிட்டு நேரே கொட்டகைக்குள் வந்து, "வெட்டி வச்ச மீன் கெட்டுப்போகும்," என்று அடுப்பை மூட்ட உட்கார்ந்துவிட்டாள்.

சொலிகின் சொல்லாமலே ஒரு மூட்டைச் சிரட்டையைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தான். போகாமல் நின்றான். அவளிடம் என்னவோ பேசவேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாத நிலை.

"அண்ணே," என்றாள் வார்தினி. "அந்த நாலாம் நம்பர் எங்களாலதான்."

இரண்டு பேரும் திரும்பினார்கள். அவள் நிறுத்தாமல் சொன்னாள். மேற்குக் காற்று, மாதக் கணக்கில் தள்ளிப்போன தவணை, அபராதம், தீர்ந்த கடனும் இரண்டு வருஷம் பேரில் நிற்கும் என்று நோவிதா சொன்னது, எல்லாவற்றையும். "அக்கா ஒரு தப்பும் பண்ணல. உங்க பேரைக் கெடுத்தது நாங்க. எங்க பேர் வெள்ளையா இருக்கு, ஏன்னா அழுக்கெல்லாம் உங்க பேர்லதான் பட்டிருக்கு."

"வண்டிக் கடனா?" சொலிகினுக்கு விளங்க நேரமானது. "அதுதான் தீர்ந்துபோச்சே. வசூல்காரன் ஒருநாள்கூட வந்ததில்லையே."

"வந்தான்," என்றாள் கஸ்மிரா. "பகல்ல வருவான், நீங்க வேலைக்குப் போயிருப்பீங்க. டீயைப் போட்டுக் குடுத்து, கட்டிடுவா போப்பான்னு அனுப்பிடுவேன். அவளும் கட்டிட்டா. அதை ஒரு பேச்சுன்னு உங்ககிட்டச் சொல்லணும்னு எனக்குத் தோணல."

சொலிகின் சிரட்டை மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான். "உன் அண்ணன் முன்னாடி குர்ஆன்ல கை வைக்க வச்சேனே... உன் அண்ணி முன்னாடி..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் நிறுத்தினான்.

"நாங்க நாளைக்குப் போகல அண்ணே," என்றாள் வார்தினி. அழுகையில் வார்த்தை குழறியது. "இல்லன்னா ஒண்ணு பண்ணுவோம். எங்க பேர்ல கையெழுத்துப் போடுறோம், நீங்க போய் அங்க இருங்க. தவணையை நீங்க கட்டுங்க. நாங்க இங்கயே கிடக்கிறோம்."

"மறுபடியும் பேரா?" என்றாள் கஸ்மிரா.

"வேண்டாம் தங்கச்சி." சொலிகின் தொப்பிக்குள்ளிருந்தே பேசினான். "போய்ப் போடுங்க. பிள்ளைக்குக் கால் அழுகுது. நாங்க யார்கிட்டயும் மூச்சு விடமாட்டோம். நாங்க அடுத்த வருஷம் பாத்துக்கிறோம்."

அடுத்த வருஷத்துக்கு முன்னால் ஒரு மேற்குக் காற்று இருக்கிறது. அவர்கள் வீட்டுப் பின்சுவர் இப்போதே கடல் பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது. மூன்று பேருக்கும் அது தெரியும்; யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கஸ்மிரா மீனை ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"அக்கா..."

"எப்ப தெரியும்னு கேட்டேன்."

"திங்கக்கிழமை. நோவிதாவைக் கொண்டுபோய் விட்டேனே, அப்ப."

"திங்கக்கிழமை." கஸ்மிரா அடுப்பை ஊதினாள். சாம்பல் பறந்து அவள் முகத்தில் விழுந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "நேத்து முழுக்க என் பக்கத்துல உட்கார்ந்திருந்தே. நான் அழுததைப் பாத்தே. காலையில சாவியை எடுத்துட்டு வந்து குடுத்தே. பிரேக் லூசுன்னு சொன்னே."

"கையெழுத்து முடிஞ்சதும் சொல்லிடலாம்னு இருந்தேன்க்கா. அது நடக்காம போயிடுமோன்னு பயம். ஆனா அதுவரைக்கும் பொறுக்கல. அல்லா மேல ஆணையா, பொறுக்கல."

"தெரியுது. அதான் ஒரு நாள் முன்னாடியே வந்துட்டே."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், சந்தையில் மீன் விலை சொல்கிற குரலில்.

"வண்டிக்கு நீ மாசக்கணக்காத் தள்ளிப்போட்டே. அதுக்கு நான் ஒரு வார்த்தை சொன்னேனா? இப்பவும் சொல்லமாட்டேன். வீடு போனதுக்குக்கூட நான் உன்னைத் திட்டமாட்டேன், அது நமக்கெல்லாம் தெரியாத கணக்கு. ஆனா இது தெரிஞ்ச கணக்குடி. உன்கிட்ட ஏமாத்து கிடையாது தினி. அதை நான் எங்க வேணா வந்து சொல்லுவேன். நீ எல்லாத்தையும் குடுத்துடுவே, அபராதத்தோட சேர்த்துக் குடுத்துடுவே. நேரம் போனப்புறம்தான் குடுப்பே."

வார்தினி முன்னால் வந்து, திருப்புகிற குச்சியை எடுக்கக் கை நீட்டினாள். கஸ்மிரா அதைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"நீ வீட்டுக்குப் போ. பிள்ளைங்களுக்குச் சட்டை தேய்ச்சு வை, நீயும் நல்லதா ஒண்ணு எடுத்து வை. பேங்கு காலையிலயே தொறந்துடும். நாளைக்காவது தாமசமாப் போயிடாதே."